வெள்ளைத் துணி கட்டிய வின்சன்ட் ஐயாவுக்கு இரண்டாம் மடல்

பேரன்பும் பெரும்பொறையும் பூண்ட பெருந்தகையே! உப்புநீர்த் தொட்டியின் உற்ற தோழரே! இயந்திரம் இருமினால் எழுந்தோடி, இயந்திரம் இசைந்தால் அகமகிழ்ந்து, ஊர் உறங்க உறங்காதிருந்த உத்தமரே! வள்ளக்காரர் வயிற்றைக் காத்தவரே! மன்னார்த் தீவின் மீனுக்கெல்லாம் மானம் காத்த மாண்பாளரே! எங்கள் வின்சன்ட் ஐயா அவர்களே, வணக்கம்!

அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கைவசம் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் ஆலைக் கந்தோரில் கணக்கும் எழுதி இம்மடலையும் எழுதும் கிறேசிடம் ஐயா போன கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனது இது:

“முகத்துக்கு நேர புகழாதேங்கோ பிள்ளை, எனக்குக் கூச்சமாக் கிடக்கு. ஏதும் சொல்லத்தான் வேணுமெண்டால் அந்த வெள்ளைத் துணிக் கதையச் சொல்லுங்கோ. புதுசா வந்த பிள்ளையளும் கேக்கட்டும்.”

ஆகவே ஐயா பிரியாவிடை மாலைக்காகக் காத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருக்கட்டும். சபையோரே, இனி நாங்கள் உங்களோடுதான் கதைக்கப் போகிறோம். முதலாளியும் முன்வரிசையில் இருக்கிறார். கதையில் அவர் வரும் இடம் அவ்வளவு அழகான இடமல்ல. அதை விடாமல் வாசிக்கச் சொன்னவரும் அவரேதான்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஐஸ் ஆலை, நினைத்த நேரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய கடையல்ல. நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டால், அமோனியா இயந்திரம் பகலென்றும் இரவென்றும் பாராமல் ஓடவேண்டும். அது நின்றால் கட்டி உறையாமல் நொய்ந்துபோகும். வள்ளங்கள் வெறும் பெட்டியோடு கரையில் நிற்கும். கொழும்புக்கு ஏற்றிய மீன் மதவாச்சி தாண்டுமுன் நாறும். ஆகவே இயந்திரத்தின் பக்கத்தில் எந்நேரமும் கண் விழித்த மனிதர் ஒருவர் நிற்கவேண்டும். அது நம் தொழிலின் சட்டம்.

வின்சன்ட் ஐயா போருக்கு முந்திய ஆலையில் எண்ணெய் விடும் ஆளாகச் சேர்ந்தவர். சண்டையில் ஆலை மூடியது. ஐயா அகதியாகக் கடல் கடந்து மண்டபம் முகாம்வரை போய்த் திரும்பி வந்தார். ஆலையும் கூரைத் தகரம் மாற்றித் திறந்தது. திறந்தபோது இயந்திரம் பார்க்க மூன்று பேர் இருந்தார்கள். பள்ளிமுனையிலிருந்து வின்சன்ட் ஐயா, தீவைக் கரையோடு இணைக்கும் தாம்போதிப் பாதைக்கு அப்பால் வயற்கிராமம் ஒன்றிலிருந்து யோகராசா, மூன்றாவதாகப் பேதுரு. பேதுருவுக்குக் கட்டாருக்கு விசா வந்தது. அவர் எல்லாருக்கும் கேக் தந்துவிட்டுப் போனார். கேக் நன்றாக இருந்தது.

“ஒரு மாசம் பொறுங்கோ, ஆள் வரும்” என்றார் முதலாளி. ஆள் வரவில்லை. மாரி வந்தது, வாடைக்காற்று வந்தது, பெரிய திருநாள் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

இருந்த இரண்டு பேரும் நாளை இரண்டாகக் கிழித்துப் பங்கிட்டார்கள். ஒரு கிழமை ஒருவருக்குப் பகல், மற்றவருக்கு இரவு; அடுத்த கிழமை மாறிக்கொள்வார்கள். உடம்பு ஒன்றைப் பழகி முடிக்குமுன் மற்றது வந்துவிடும். சாப்பாடு நேரம் தவறியது, பிறகு பசியே தவறியது. யோகராசா மோட்டார்சைக்கிளில் தாம்போதி கடக்கும்போது கண் சொருகாமலிருக்க ஹெல்மெட்டுக்குள் சத்தமாகத் தேவாரம் பாடிக்கொண்டு போவார். எதிரே வந்தவர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்று எண்ணிக் கும்பிட்டதும் உண்டு.

வின்சன்ட் ஐயாவின் தொல்லை தாம்போதியில் அல்ல, வீட்டுப் பாயில் இருந்தது. பசி ருசி அறியாது, நித்திரை பாய் அறியாது என்பார்கள். அது நித்திரை வருகிறவனுக்குச் சொன்னது. இரவு வேலை முடித்து ஐயா வீட்டுக்கு வரும்போது பள்ளிமுனை அப்போதுதான் முகம் கழுவி எழும்பும். அவர் மனைவி றஞ்சிதம் அக்கா பஸ் நிலையத்தடிக் கருவாட்டுக் கடைக்கு வேலைக்குக் கிளம்புவார். ஐயா படுப்பார். உடனே பேக்கரிப் பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அது போக மீன்காரரின் ஹோர்ன். அது போக அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி, இன்றைக்கே நீங்கள் கோடீசுவரர் என்று. அதுவும் போனால், நம் ஊர்க் கழுதைகள் இருக்கவே இருக்கின்றன. எல்லாம் அடங்கி வீட்டுமுன் ஒழுங்கை அமைதியான பிறகு, ஐயாவின் தலைக்குள் இயந்திரம் ஓடத் தொடங்கும். ஆலையில் ஓடுகிற அதே சத்தம். அதை நிறுத்த அங்கே சுவிட்சு இல்லை.

மாதங்கள் போகப் போக மனிதர் மாறினார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டதை மறந்து மறுபடி போட்டார். கரண்டி விழுந்த சத்தத்துக்கு றஞ்சிதம் அக்காவின் மேல் பாய்ந்தார். பாய்ந்துவிட்டு, அதே கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளில் இருந்தபடி உறங்கி, முன்னாலிருந்தவரின் முதுகில் முட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குடி என்றது ஒரு பக்கம். செய்வினை என்றது மறுபக்கம். தமக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஐயாவிடம் ஒரு சொல் இருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஒன்றுமில்லாத வருத்தத்தை எவரிடம் போய்ச் சொல்வது?

அந்த நாள்களில் ஒழுங்கைக் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். சாவீடு என்றால் ஒழுங்கை முகப்பிலிருந்து வேலிக்கு வேலி வெள்ளைத் துணி கட்டுவது எங்கள் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். துணியைக் கண்டதும் பாண்காரன் பாட்டை நிறுத்துவான். மீன்காரர் ஹோர்ன் அடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். கோடீசுவரர் ஒலிபெருக்கியும் வாயை மூடும். அடக்கம் முடிந்து பந்தல் கழன்றது. ஆனால் ஐயாவின் வேலியில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்க எல்லாரும் மறந்துபோனார்கள். அது தன்பாட்டில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பாண்காரன் அந்தக் கிழமை முழுவதும் பேசாமல் வந்து பேசாமல் போனான்.

அந்தக் கிழமை ஐயா உறங்கினார். எழும்பி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். றஞ்சிதம் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார். அக்கா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

பிறகு ஒழுங்கு தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் வந்து துணியை அவிழ்த்துக்கொண்டு போனார். பாட்டு, ஹோர்ன், கோடீசுவரர், கழுதை, எல்லாம் திரும்பி வந்தன.

அடுத்த முறை இரவு வேலைக் கிழமை வந்தபோது, வேலை முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. றஞ்சிதம் அக்கா கடைக்குப் போய்விட்டார். ஐயா அலுமாரியைத் திறந்து தம்முடைய பழைய வெள்ளை வேட்டியை எடுத்தார். கரைப் பக்கம் பிடித்து ஒரு துண்டு கிழித்தார். வேலி வாசல் படலைக்குப் போய் அதை இறுக்கிக் கட்டினார். உள்ளே வந்து படுத்தார். வெட்டிப்போட்ட மரம் போல உறங்கிப்போனார்.

சபையோரே, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஐயாவும் சிரிக்கிறார். நித்திரைக்காகத் தம் வீட்டுப் படலையில் தாமே சாவுத்துணி கட்டிய மனிதர் இலங்கைத்தீவில் வேறு எவரும் இருக்க மாட்டார்.

முதலில் கண்டவர் ஆசியா உம்மா. காலையில் வீடு வீடாக இடியப்பம் கொண்டுவரும் ஆசியா உம்மாவை அறியாதவர் இங்கே இல்லை. துணியைக் கண்டார், சன்னலால் எட்டிப் பார்த்தார், வாய் திறந்தபடி அசையாமல் கிடந்தவரைக் கண்டார். “யா அல்லாஹ், வின்சன்ட் தம்பி!” என்று அவர் இட்ட ஓலத்தில் ஒழுங்கை கூடிவிட்டது. மகராசன் என்றார்கள் சிலர். குடி என்றோமே, பாவம் என்றார்கள் சிலர். உள்ளே போய்த் தொட்டுப்பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரி வருமுன் உள்ளே போவது முறையல்லவாம். முறை தெரிந்த ஊர்!

ஆலைக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. இயந்திரத்தடியில் யோகராசா நின்றார். அவர் அதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். ஓடிப்போக முடியாது, போனால் இயந்திரத்தை யார் பார்ப்பது? கண்ணைத் துடைத்துவிட்டு அமுக்கமானியைப் பார்த்தார், மறுபடி அழுதார், மறுபடி பார்த்தார். இப்போதும் அவர் சொல்வார், தம் தகப்பன் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை என்று.

கந்தோரில் முதலாளியிடம் போய்ச் சொன்னோம். அவர் கதிரையிலிருந்து எழும்பினார். முகம் வெளிறிப்போயிற்று. பிறகு அவர் வாயில் வந்த முதல் வார்த்தை இது:

“அப்ப இண்டைக்கு இரவு ஆர் நிப்பினம்?”

கெட்ட மனிதர் அல்ல நம் முதலாளி. வள்ளங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது. விழுந்ததை எல்லாரும் கேட்டோம்.

கிறேஸ் ஊழியர் சார்பில் கண்ணீர் அஞ்சலி எழுதினாள். அதுதான் இவருக்கு நாங்கள் எழுதிய முதலாம் மடல். “ஆலையின் அணையா விளக்கே, அயராது உழைத்த அண்ணலே, உங்கள் இடம் எவராலும் நிரப்ப முடியாதது” என்று, அழுதழுது, வழக்கமாக எல்லாரும் எழுதுவதையே எழுதினாள். அச்சகத்தார் உடனே அடித்தும் தந்துவிட்டார்கள். மற்ற வேலைக்கு எத்தனை நாள் நடக்கவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் பள்ளிமுனையில் வாடகைக் கதிரைகள் வந்து இறங்கின. லொறியிலிருந்து அடுக்கடுக்காக இழுத்துத் தடார் தடாரென்று முற்றத்தில் போட்டார்கள். வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலைமயிர் குத்திட்டு, கண் சிவந்து வின்சன்ட் ஐயா வெளியே வந்தார்.

“ஆரது சத்தம் போடுறது? இரவு முழுக்க முழிச்ச மனுசன் படுக்கிறதில்லையே?”

இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். கதிரை இறக்கியவர் லொறிக்குக் கீழே போனார். பெட்டியில் வைக்கும் நேரம் கேட்கக் கோயிலிலிருந்து வந்தவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஆசியா உம்மாவின் இடியப்பக் கூடை கவிழ்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் றஞ்சிதம் அக்காவை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பஸ் நிலையத்திலிருந்து பள்ளிமுனைவரை அவர் விதவையாக வந்திருந்தார். படலையில் துணியைக் கண்டார். வாசலில் புருசனைக் கண்டார். கிட்டப் போய் அவருடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. பிறகு இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தார். அடித்து அடித்துக் களைத்துப்போய்க் கேட்டார்:

“ஆரப்பா இதைக் கட்டினது?”

“நான்தான்.”

“ஏன்?”

“நித்திரைக்கு” என்றார் ஐயா. “துணி கிடந்தால் சத்தம் போடமாட்டினம் எண்டுதான்.”

சனம் சிரிக்கத் தொடங்கியது. போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது. ஐயா சிரிக்கவில்லை. இறக்கிய வாடகைக் கதிரை ஒன்றில் இருந்தார். படலையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்:

“கட்டேக்க, றஞ்சி, பொய்க்குக் கட்டுறன் எண்டு எனக்குத் தோன்றேல்ல. கட்டின கையோட ஒரு ஆறுதல் வந்தது. எல்லாம் முடிஞ்சுது, இனி எழும்பத் தேவையில்ல எண்டமாதிரி. எழும்ப எனக்கு விருப்பமே இருக்கேல்ல.”

சிரிப்பு நின்றது.

ஆசியா உம்மாதான் கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, இது வெறும் நித்திரைக் குறைச்சல் இல்ல. மனசுக்கு வந்த வருத்தம். என்ட மூத்த மகனுக்கும் வந்தது. ஆசுபத்திரியில அதுக்கெண்டு ஒரு டொக்டர் இருக்கிறார். நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். காலுக்கு அடிபட்டாப் போவீங்கதானே? வெக்கப்படாம வாங்க.”

போனார்கள். ஒரு பக்கம் றஞ்சிதம் அக்கா, மறுபக்கம் ஆசியா உம்மா, நடுவில் ஐயா. கிளினிக் வாசல் மரவாங்கில் மூவரும் ஊருக்குத் தெரிய இருந்தார்கள். டொக்டர் மருந்து கொடுத்தார், ஓய்வு எழுதினார், ஆறுதலாக இருந்து கதை கேட்டார். கடைசியில், “மருந்து நான் தரலாம் ஐயா, உங்கட வேலை முறையை நான் மாத்தேலாது. அதை நீங்கள்தான் போய்க் கேக்கவேணும்” என்றாராம்.

ஓய்வு முடிந்து ஐயா நேரே முதலாளியின் கந்தோருக்கு வந்தார். பின்னால் யோகராசா. கதவு திறந்திருந்தது, நாங்கள் எல்லாரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

“முதலாளி, நான் செத்த அண்டைக்கு நீங்கள் ஒரு கேள்வி கேட்டனீங்களாம், இரவு ஆர் நிப்பினம் எண்டு. அதுக்கு மறுமொழி சொல்ல வந்தனான். ஆள் எடுத்தால் நிப்பினம்.”

முதலாளி குனிந்த தலை நிமிரவில்லை. இன்றைக்கு முன்வரிசையிலும் அப்படித்தான் இருக்கிறார். பாதகமில்லை ஐயா, நிமிருங்கள். ஆள் எடுத்தவரும் நீங்கள்தானே.

அந்த மாதமே மூன்றாம் ஆள் வந்தார். இரவு முறை முடித்தவருக்கு முழு ஓய்வு வந்தது. கிழமைக்குக் கிழமை குத்துக்கரணம் அடித்த முறை மாறி, உடம்பு பழக நாள் கொடுக்கும் முறை வந்தது. ஐயா தம் பங்குக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். முறை மாறும்போது, முதலில் இயந்திரத்தைப் பற்றி விசாரிப்பதுதான் ஊருலக வழமை. ஐயா அப்படிக் கேட்கமாட்டார். “நித்திரை எப்பிடி?” என்றுதான் முதலில் கேட்பார். நல்லதென்று வாயால் சொன்னால் விடமாட்டார், கண்ணைப் பார்ப்பார். கண் சரியில்லை என்றால், “நீர் போய்ப் படும், நான் நிக்கிறன்” என்பார். இப்போது இந்த ஆலையில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறோம். அமுக்கம் எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி.

பள்ளிமுனையிலும் ஒன்று மாறியது. வெள்ளைத் துணியை இனி அவர் கட்டக்கூடாதென்று றஞ்சிதம் அக்கா தலையில் சத்தியம் வாங்கினார். பதிலுக்கு ஒழுங்கை கூடிப் பேசி, நீல வலைத் துண்டு ஒன்றைக் கட்டச் சொன்னது. படலையில் நீல வலை தொங்கினால் உள்ளே இரவு விழித்த ஒருவர் உறங்குகிறார். இன்று காவலாளி வீட்டிலும் தாதி வீட்டிலும் அது தொங்குகிறது. பாண்காரன் மதிக்கிறான். கழுதைகளோடு பேச்சுவார்த்தை தொடர்கிறது.

ஐயா முற்றாகச் சுகமாகிவிட்டார் என்று அலங்காரத்துக்குச் சொல்லமாட்டோம். அந்த இருட்டு இடைக்கிடை வந்து போனது. வந்தபோது மறைக்காமல், “இண்டைக்கு எனக்கு மனம் சரியில்லை, ஆராவது பக்கத்தில நில்லுங்கோ” என்று சொன்னார். அப்படி ஒருவர் சொன்னதால், பிறகு வேறு சிலராலும் சொல்ல முடிந்தது. அந்தச் சிலரும் இந்தச் சபையில் உயிரோடு இருக்கிறார்கள். அதற்கு நாங்கள் அவருக்கு நன்றி சொல்கிறோம்.

வின்சன்ட் ஐயா அவர்களே!

இனி உங்களை நோக்கியே பேசுகிறோம். இந்த விழா போன மாதமே நடந்திருக்கவேண்டியது. மாலை வாங்கி, மண்டபம் பேசி, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. நீங்கள் வந்து, “மாலைய வைச்சிருங்கோ. எனக்குப் பதிலா ஒரு ஆள் வந்து மெசினடியில நிக்கட்டும், பிறகு போடுங்கோ. இரண்டு பேரை விட்டிட்டு நான் போகமாட்டன்” என்று சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விட்டீர்கள். மாலை வாடியது. எங்களில் சிலர் உங்களைப் பிடிவாதக்காரர் என்றோம். யோகராசா மட்டும் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நல்ல துணைவியார் றஞ்சிதம் அக்காவோடு நலமும் நிறைவும் பெற்று, நோயற்று, நொடியற்று, நூறாண்டு வாழ்வீராக! உங்கள் படலையில் இனி நீல வலை வேண்டாம். காலையில் பாண்காரன் பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டே வரட்டும். நீங்கள் அதற்கு முன்பே எழும்பி, எழும்பும் விருப்பத்தோடு எழும்பி, வாசலில் நிற்பீராக!

முதலாம் மடலை நீங்கள் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருப்பது எங்களுக்குத் தெரியும். இதையும் அதன் பக்கத்தில் வையுங்கள். ஆனால் அதிலுள்ள ஒரு வசனத்தை நாங்கள் இன்று திருப்பி எடுத்துக்கொள்கிறோம். பிரியாவிடை மடல் எல்லாவற்றிலும் அந்த வசனம் இருக்கும், இதில் இருக்காது.

ஐயா, உங்கள் இடம் நிரம்பிவிட்டது. இந்த மடலை நாங்கள் எல்லாரும் இருந்து வாசிக்கவும் கேட்கவும் முடிவது, உங்களுக்குப் பதிலாக வந்த ஆதம்பாவா இப்போது இயந்திரத்தடியில் நிற்பதால்தான். பகல் முறை தொடங்குமுன் யோகராசா அவரிடம் கேட்டார். நன்றாக உறங்கினாராம். கண்ணையும் பார்த்தோம்.

நீங்கள் மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இவ்வண்ணம்,
முறை மாறி முறை நின்று, இன்று ஒன்றாக அமர்ந்திருக்கும்
ஐஸ் ஆலை ஊழியர் அனைவரும்,
மன்னார்.